இறைச்சியை விட்டால் எடை குறையுமா?

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம். புரட்டாசி முழுக்கச் சைவம். வெள்ளிக்கிழமை வீட்டில் மீன், கோழி கிடையாது. சிங்கப்பூரில் வளரும் தமிழ் இளையர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பழகிப்போனதுதான்.

இப்போது பக்தியோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. "சைவத்துக்கு மாறினா எடை தானா இறங்கும், உடம்பு லேசாயிடும்" என்று டிக்டாக்கிலும் இன்ஸ்டகிராமிலும் அடிக்கடி கேட்கிறோம்.

ஆனால் ஒரே வீட்டில் விரதம் இருக்கும் அண்ணன், தங்கையைப் பாருங்கள். 48 நாள் முடிவில் ஒருவருக்குக் காற்சட்டை தளர்ந்திருக்கும். இன்னொருவருக்கு இறுகியிருக்கும். இருவருமே இறைச்சியைத் தொடவில்லை. அப்புறம் எப்படி?

இறைச்சி போன இடத்தில் எது வந்து உட்கார்ந்தது என்பதுதான் வித்தியாசம்.

<b>ஆய்வுகள் என்ன சொல்கின்றன?</b>

முதலில் நல்ல செய்தி. சைவ உணவு எடையைக் குறைக்க உதவுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது.

2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 12 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் கலந்துகொண்டோர் மொத்தம் 1,151 பேர். சைவ உணவு சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 2 கிலோகிராம் கூடுதலாக எடை குறைந்தனர்.

வெறும் 2 கிலோவா? ஆமாம், அவ்வளவுதான். ஓராண்டு அல்லது அதற்கு மேல் கவனிக்கப்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1 கிலோவாகச் சுருங்கிவிட்டது. சமூக ஊடகத்தில் வரும் 'முன்பு, பின்பு' படங்களை நம்பி ஆரம்பிப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. அதில் பங்கெடுத்தவர்கள் 22 ஜோடி ஒத்த இரட்டையர்கள். மரபணு ஒன்றே என்பதால் "அவன் உடல்வாகு அப்படி" என்ற சாக்குக்கு இடமில்லை. இரட்டையரில் ஒருவருக்குப் பால், முட்டைகூட இல்லாத முழுத் தாவர உணவு. மற்றவருக்கு இறைச்சியும் சேர்ந்த, ஆனால் ஆரோக்கியமான உணவு. 8 வாரங்கள் கழித்து, தாவர உணவு சாப்பிட்டவருக்குச் சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவும் அவருக்கே அதிகம் இறங்கியது.

அந்த 8 வாரத்தில் முதல் 4 வாரத்துக்கான சாப்பாடு தயாராகவே வீட்டுக்கு வந்துவிட்டது. நமக்கு அப்படி யாரும் அனுப்பப்போவதில்லை. தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு அந்த உணவில் திருப்தி சற்றுக் குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது.

<b>ஏன் குறைகிறது?</b>

இறைச்சியில் எடை கூட்டும் மர்மப் பொருள் எதுவும் இல்லை. இது வயிற்றின் கொள்ளளவு பற்றிய விஷயம்.

100 கிராம் காலிஃபிளவரில் இருப்பது சுமார் 25 கலோரி. 100 கிராம் எண்ணெயில் கிட்டத்தட்ட 900. வயிறு நிரம்பிய உணர்வு பெரும்பாலும் எவ்வளவு உணவு, எவ்வளவு நீர், எவ்வளவு நார்ச்சத்து உள்ளே போனது என்பதைப் பொறுத்தே வருகிறது. காய்கறி, பருப்பு, பழம் ஆகியவற்றில் நீரும் நார்ச்சத்தும் நிறைய. அதனால் வயிறு நிறையும்போது கலோரி குறைவாகவே ஏறியிருக்கும்.

இதை அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகம் நேரடியாகவே சோதித்தது. 20 பேரை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்தார்கள். 2 வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு. 2 வாரம் மாவுச்சத்து குறைந்த, இறைச்சி மிகுந்த உணவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். 2021இல் முடிவு வெளியானது. தாவர உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 700 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். அதற்காகக் கூடுதலாகப் பசித்தது என்று சொல்லவும் இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் சைவத்துக்குப் பெரிய வெற்றி மாதிரி தெரியும். ஆனால் அதே சோதனையில், தாவர உணவுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறியது. காரணம் அதிலிருந்த மாவுச்சத்து. நம் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

அதே கழகம் 2019இல் இன்னொரு சோதனையை வெளியிட்டது. இந்தத் தடவை கேள்வி சைவமா அசைவமா என்பதல்ல. வீட்டுச் சமையல் போன்ற உணவா, ஆலையில் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவா என்பது. பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அதே ஆட்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். 2 வாரத்தில் எடை சுமார் 1 கிலோ கூடியது.

உருளைக்கிழங்கு சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கேன் பானம், இன்ஸ்டன்ட் நூடல்ஸ். எல்லாமே 'வெஜ்' முத்திரையோடு கிடைக்கின்றன.

<b>நம் தட்டில் என்ன இருக்கிறது?</b>

மேலே சொன்ன ஆய்வுகளில் யாரும் பரோட்டா சாப்பிடவில்லை. நாம் சாப்பிடுகிறோம்.

சிராங்கூன் சாலையில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். இலை நடுவே ஒரு குவியல் சோறு. ஒரு பக்கம் உருளைக்கிழங்குப் பொரியல். கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் கீரை. அப்பளம். சாம்பார், ரசம், மோர். கடைசியில் பாயசம். சோறு முடிந்ததும் கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழும்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் ஆரோக்கியத் தட்டில் பாதி காய்கறி, பழம். கால்வாசி முழுத்தானியம். மீதி கால்வாசி புரதம். நம் இலையை அந்தத் தட்டோடு ஒப்பிட்டால் சோறு பாதிக்கு மேல் ஓடிவிடும். உருளைக்கிழங்கை நாம் காய்கறிக் கணக்கில் எழுதுகிறோம். உடல் அதை மாவுச்சத்துக் கணக்கில் எழுதுகிறது. புரதம்? சாம்பாருக்குள் தேட வேண்டும்.

சாம்பாரைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசியாக வேண்டும். "பருப்புதான் தினமும் சாப்பிடுறோமே" என்று பல வீடுகளில் சொல்வார்கள். 30 கிராம் துவரம்பருப்பில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் உண்டு. கெட்டியான பருப்புக் கடைசல் என்றால் ஒரு கிண்ணத்திலேயே அந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் கடையில் வாளியிலிருந்து ஊற்றப்படும் சாம்பாரில் பருப்பைவிட நீர்தான் அதிகம். பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 48 கிராம். சாம்பாரை மட்டும் நம்பினால் அந்த எண்ணைத் தொடுவது சிரமம்.

புரதம் குறைந்தால் சீக்கிரம் பசிக்கும். நாலு மணிக்கு வடை கேட்கும். பருப்பில் செய்ததுதான், ஆனால் எண்ணெயில் மூழ்கி எழுந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி. வடையைத் தனியாகவும் சாப்பிட மாட்டோம். கூடவே ஒரு தே தாரிக், அதில் கெட்டிப்பால்.

தேங்காய்ப்பால் இன்னொன்று. 100 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலில் ஏறத்தாழ 200 கலோரி. அதிலுள்ள கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. குருமா, சொதி, நாசி லெமாக் சோறு என்று ஒரே நாளில் மூன்று வேளையும் அது வந்துவிடலாம். மூன்றிலும் இறைச்சி இல்லை.

காப்பிக்கடையில் உள்ள சீனச் சைவக் கடைக்கும் நம்மில் பலர் போவதுண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் 15ஆம் நாளும் அங்கே வரிசை நீளும். காலையில் சைவ பீஹூன் எளிதாகக் கிடைக்கும் உணவு. அதன் மேலே வைக்கப்படும் வாத்து, சார் சியூ போன்ற 'போலி இறைச்சி'கள் பெரும்பாலும் சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ செய்தவை. புரதம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பல வகைகள் பொரித்தவை, உப்பும் தூக்கல். அதே கடையில் வதக்கிய கீரை, தவ்குவா, முட்டைக்கோஸ் இருக்கும். ஒரே தட்டு பீஹூனை இரண்டு விதமாக வாங்கலாம்.

<b>அப்படியானால் விரதத்தில் ஏன் சிலருக்கு இளைக்கிறது?</b>

விரதம் இறைச்சியை மட்டும் எடுத்துவிடுவதில்லை.

பீர் நின்றுவிடுகிறது. ஒரு கேன் பீரில் சுமார் 150 கலோரி. நண்பர்களோடு இரவு 11 மணிக்கு மேல் போகும் சப்பர் நின்றுவிடுகிறது. துரித உணவகம் பக்கம் போக முடிவதில்லை. சிலர் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார்கள். காவடி எடுப்பவர்கள் சீக்கிரம் தூங்கி, விடியற்காலையில் எழுந்து குளித்து, ஒழுங்கான நேரத்தில் சாப்பிடுகிறார்கள். இவ்வளவும் ஒரே நேரத்தில் மாறுகிறது. எடை இறங்கியதும் பாராட்டு மட்டும் சைவத்துக்குப் போய்விடுகிறது!

முதல் வாரத்தில் 'சட்'டென்று இறங்கும் எடை பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்த மாவுச்சத்து முதலில் கரையும். அதனோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறும். எடைக் கருவி காட்டுவதில் பெரும்பகுதி அந்த நீர்தான். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் அது திரும்பி வந்துவிடும்.

எடை கூடியவருக்கு என்ன நடந்திருக்கும்? "கறிதான் இல்லையே" என்று இன்னொரு பரோட்டா, கோயில் பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல், சாயங்காலம் முறுக்கு. இப்படித்தான் சேர்ந்திருக்கும்.

<b>நமக்கு இது ஏன் இன்னும் முக்கியம்?</b>

மெலிந்து தெரியும் இந்தியர்களிடம்கூட, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு கூடுதலாகச் சேரும் போக்கு உண்டு. அதனால்தான் சிங்கப்பூரில் உடல் எடைக் குறியீடான பிஎம்ஐக்கு ஐரோப்பியர்களுக்கான எல்லையை வைப்பதில்லை. அங்கே 25ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கை. இங்கே 23லேயே ஆபத்து கூடத் தொடங்குவதாகக் கணக்கு. 27.5க்கு மேல் என்றால் அதிக ஆபத்து. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் அங்கே 68 கிலோவரை கவலைப்படத் தேவையில்லை. இங்கே 63 கிலோவை நெருங்கும்போதே கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது நினைவிருக்கலாம். அப்பா, அம்மா, தாத்தா என்று யாராவது ஒருவர் மாத்திரை டப்பாவோடு இல்லாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் சைவத்துக்கு மாறி, கோழி இருந்த இடத்தை வெள்ளைச் சோற்றால் நிரப்பினால் எடையும் குறையாது, சர்க்கரையும் ஏறும்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் இதைத்தான் வேறு மாதிரி காட்டினார்கள். அங்குள்ள மருத்துவத் துறை ஊழியர்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்தபோது, முழுத்தானியம், காய்கறி, கொட்டைப்பருப்பு மிகுந்த தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவு. தாவர உணவுதான், ஆனால் இனிப்பு, குளிர்பானம், தீட்டிய மாவு மிகுந்தது என்றால் இதய நோய் அதிகம்.

<b>உடம்பு லேசாகுமா? மனசு?</b>

நார்ச்சத்து கூடினால் மலச்சிக்கல் குறையும், வயிறு லேசாகத் தோன்றும். இதில் சந்தேகமில்லை. நீண்டகால விஷயங்களில் படம் அவ்வளவு தெளிவில்லை. பிரிட்டனில் 48,000 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், சைவ உணவு சாப்பிடுவோருக்கு இதய நோய் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. பக்கவாதம் 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. பயமாக இருக்கிறதா? 1,000 பேரை 10 ஆண்டுக்குப் பார்த்தால் இதய நோயாளிகள் 10 பேர் குறைவு, பக்கவாதம் வந்தவர்கள் 3 பேர் அதிகம். அவ்வளவுதான்.

மனநலம் குறித்த ஆய்வுகள் ஒரே திசையில் போகவில்லை. சிலவற்றில் சைவ உணவுக்காரர்களிடம் மனச்சோர்வு குறைவு, சிலவற்றில் அதிகம். ஒன்றை மட்டும் இளையர்களிடம் சொல்ல வேண்டும். சாப்பாட்டின் மீது அச்சம் வந்து உணவை வெட்டிக்கொண்டே போகிறவர்களில் சிலருக்கு "நான் இப்போ வெஜ்" என்பது சாப்பிடாமல் இருப்பதற்கு வசதியான காரணமாகிவிடுகிறது. கேட்பவர்களும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. தோழி ஒருத்தி முதலில் கறியை விட்டு, பிறகு சோற்றை விட்டு, பிறகு உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டால் அதை உணவுப் பழக்கமாக மட்டும் பார்க்காதீர்கள்.

உடல் சோர்வுக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது பி12. இந்த வைட்டமின் இயல்பாகக் கிடைப்பது விலங்கிலிருந்து வரும் உணவுகளில்தான். பால், தயிர், முட்டையில் உண்டு. நம் வழக்கத்தில் சைவம் என்றால் பால் உண்டு, முட்டை கிடையாது. வீகன் என்றால் இரண்டும் இல்லை. "இட்லி மாவு புளிக்கும்போது பி12 வந்துடும்", "கடற்பாசி சாப்பிட்டா போதும்" என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டையும் நம்பி இருக்க முடியாது.

பி12 கல்லீரலில் சேமிப்பாக இருக்கும். சில ஆண்டுகளுக்குக்கூடத் தாங்கும். அதனால் 48 நாள் விரதத்தால் எந்தக் குறையும் வராது. 20 வயதில் முழுத் தாவர உணவுக்கு மாறியவருக்கு 23, 24 வயதில்தான் தெரியத் தொடங்கலாம். ஓயாத அசதி, விரல்களில் மரத்துப்போகும் உணர்வு, ஞாபகமறதி. அதற்குள் உணவு மாறியதே மறந்துபோயிருக்கும். வேலைப்பளு என்று நினைத்துக்கொள்வோம். வீகன் உணவில் இருப்பவர்கள் பி12 மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் யாராவது நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டு, காலங்காலமாகச் சைவமாகவும் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அந்த மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பாட்டியின் கால் மரத்துப்போவது சர்க்கரையால் மட்டும் என்று விட்டுவிட வேண்டாம்.

இரும்புச்சத்து அடுத்தது, அதிலும் குறிப்பாகப் பெண்களுக்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இன்னும் குறையும். எலுமிச்சை பிழிந்துகொண்டால் கூடும். ஆகவே சாப்பாட்டோடு லைம் ஜூஸ் எனப்படும் சின்ன எலுமிச்சைச் சாறு சர்க்கரையில்லாமல். தேநீர் ஒரு மணி நேரம் கழித்து.

<b>கடையில் எப்படி வாங்குவது?</b>

தோசை சாப்பிடலாம். மசாலாவுக்குப் பதில் பருப்பை கெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். வாழை இலைச் சாப்பாட்டில் இரண்டாவது கரண்டி சோற்றுக்குப் பதிலாக இரண்டாவது கரண்டி கீரை, கூட்டு கேட்டால் தருவார்கள்.

புரதத்துக்கு இங்கே கையருகே இருப்பது டெம்பே. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். நாசி படாங் கடையிலும் ஈரச்சந்தையிலும் கிடைக்கும். கடையில் சம்பலோடு வாங்கினால் பெலாச்சான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரதக்காரர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். பரோட்டாக் கடை டால்ச்சாவிலும் எலும்பு இருக்கலாம். வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல், தவ்குவா வதக்கல், தயிர் போதும். பாதி வெள்ளை அரிசி, பாதி பழுப்பு அரிசி கலந்து வடித்தால் பெரியவர்களும் பெரிதாகக் குறை சொல்வதில்லை.

பானத்துக்கு தே ஓ கோசோங். புட்டியில் அடைத்ததை வாங்கினால் 'நியூட்ரி-கிரேட்' எழுத்தைப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அதில் 'டி' என்று இருக்கும்.

முழுமையாக மாற நினைப்பவர்கள், அசதி நீடிப்பவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் முதலில் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேசலாம். பி12, இரும்புச்சத்து அளவுகளை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே உணவியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை, நாலு மணி வடை உட்பட, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள்.